போகும் முனை, போகாத முனை

ஒலி முகம்மதின் விரல் வேகும் வாசனை ஆவுடையப்பனின் மூக்குக்குத்தான் முதலில் எட்டியது.

"யாருவே பட்டறைக்குள்ள கருவாடு சுடுதது?" என்று அவன் அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

லேத்தில் நின்றிருந்த ஒலி முகம்மது குனிந்து பார்த்தார். கடைந்துகொண்டிருந்த தண்டிலிருந்து உரிந்த இரும்புச் சுருள் ஒன்று, நீலம் பாரித்த சூட்டோடு, அவருடைய வலது சுட்டுவிரல் நுனியில் ஒட்டியிருந்தது. இடது கையால் அதைப் பிய்த்தார். இடது கை சுரீரென்று உதறிக்கொண்டது. வலது கை சும்மா இருந்தது.

"ரப்பர் வாஷர் எதுவும் கருகியிருக்கும்லே. வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம். வைகாசி வருவதற்குள் அவருடைய வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ஊமையாகிவிட்டன. பிடிக்கும், திருகும், தூக்கும். தொட்டது சூடா குளிரா, வழவழப்பா சொரசொரப்பா என்று மட்டும் சொல்லாது. பட்டறையில் அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த மூன்று விரல்களுக்காகத்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், மேலகரத்தில் இருந்தது மந்திரமூர்த்தியின் லேத்துப் பட்டறை. மந்திரமூர்த்தி மர அறுவை மில்லில் தடி தூக்கி வளர்ந்தவர். தோளில் காய்ப்புக் காய்த்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கும். சுற்று வட்டாரத்துப் பம்புசெட் எஞ்சினும் அரிசி மில் எஞ்சினும் அவரிடம்தான் சீக்குக்கு வரும். பாதிச் சீக்கு பிஸ்டனில் இருக்கும்.

பிஸ்டனைச் சுற்றி நாலைந்து பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வார்ப்பிரும்பு வளையம். பள்ளம் தேய்ந்து போனால் பிஸ்டனை லேத்தில் ஏற்றி மறுபடி வெட்ட வேண்டும். புதுப் பிஸ்டனை வெறும் வார்ப்பாக வாங்கினாலும் பள்ளத்தை இங்கேதான் வெட்ட வேண்டும். அகலம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல். அதாவது அரைக்கால் அங்குலம். வளையத்துக்கும் பள்ளத்துச் சுவருக்கும் நடுவே இரண்டு தவ் சந்து விட வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு தவ். தலைமுடி ஒன்றே இரண்டு மூன்று தவ் வரும் என்றால் பார்த்துக்கொள்ளலாம். சந்து குறைந்தால் சூட்டில் வளையம் இறுகி, சிலிண்டரைப் பிறாண்டி, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெயைக் குடித்துப் புகை கக்கும்.

அந்தச் சந்தைப் பார்க்கப் பட்டறையில் இருந்தது ஒரு பீலர் கேஜ். பேனாக்கத்தி மாதிரி மடங்கும்; உள்ளே ஒன்றைவிட ஒன்று தடித்த எஃகுத் தகடுகள். இரண்டு தவ் தகட்டைச் சந்துக்குள் விட்டு உருவ வேண்டும். ஈரக் கல்லில் ஒட்டிய காகிதத்தை இழுத்தால் ஒரு பிடி இருக்குமே, அந்தப் பிடி இருந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் தொளதொளப்பு. முரண்டினால் இறுக்கம். அந்தப் பிடிக்கு நம்பர் கிடையாது. விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒலி முகம்மதின் விரலுக்குத் தெரிந்தமாதிரி செங்கோட்டை வரைக்கும் எவன் விரலுக்கும் தெரியாது என்று மந்திரமூர்த்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

வைகாசிக் கடைசியில் சுரண்டை அரிசி மில் செல்லப்பா ஒரு சாக்கோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து, அதை மந்திரமூர்த்தியின் மேசைமேல் கவிழ்த்தார். பிஸ்டன் உருண்டது. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கீறல்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"பிஸ்டன்."

"நான் தேங்கா துருவின்னுல்லா நெனச்சேன். ஒம்ம பட்டறையில மாட்டிக் கொண்டுபோயி ஒரு வாரம் ஓடல. நெல்ல அவிச்சுக் காயப்போட்டு, சனம் பூரா பொட்டியோட வந்து நிக்கி, கிறீச்சுனு ஒரு சத்தம். நின்னுட்டு. அவிச்ச நெல்லு வாடை அடிக்க ஆரம்பிச்சிட்டு. நான் யாரைக் கேக்க?"

மந்திரமூர்த்தி ஒரு வளையத்தை ஆட்டிப் பார்த்தார். அது பள்ளத்துக்குள் ஆணி அடித்ததுபோல் இருந்தது.

"இதை யாரு பாத்தது?"

"நான்தான்" என்றார் ஒலி முகம்மது.

"பாய் கை பாத்ததா? அப்ப எஞ்சினுக்குத்தான் கிறுக்கு" என்றான் ஆவுடையப்பன். பழைய வேடிக்கைதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

புதுப் பிஸ்டன் தன் செலவில் போட்டுத் தருவதாகச் செல்லப்பாவைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு மந்திரமூர்த்தி லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒமக்கு வீட்டுல எதுவும் கரைச்சலாவே?"

"ஒண்ணுமில்ல மொதலாளி."

"இன்னொண்ணு இப்படித் திரும்பி வந்திச்சுன்னா இந்த லேத்துல வேற ஆளு நிக்கும். மனசுல வச்சுக்கிடும்."

கை செத்துப்போனது என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பால்வண்ணநாதன். அவன் இதே பட்டறையில் உலைக்கு முன்னால் சம்மட்டி அடித்தவன். புருவம் தடித்து விரல் மடங்க ஆரம்பித்தபோது மந்திரமூர்த்தி வாசலில் நின்று, "நாளைக்கு வராத" என்று மூன்றாவது வார்த்தை இல்லாமல் அனுப்பிவைத்தார். அவன் தண்ணீர் குடித்த பானையை ஆவுடையப்பன் ரோட்டில் போட்டு உடைத்தான். இப்போது அவன் குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் தகர டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறான். பானை உடைந்த அன்றைக்கு லேத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒலி முகம்மது.

அவர் வீடு தென்காசியில் நெசவாளர் தெருவில். வாப்பா தறியிலேயே இருந்து தறியிலேயே போனவர். மனைவி ஜாஹிரா பீவி தறிக்காரர்களுக்கு ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். அவள் ஒரு இழையை விரலிடுக்கில் வைப்பாள். இருபதாம் நம்பரா, அதைவிடச் சன்னமான நாற்பதா அறுபதா என்று அவர் சொல்லிவிடுவார். "உங்க பட்டறையில எட்டு நூலு சேந்தா ஒரு அங்குலம். எங்க வீட்டுல எட்டு நூலு சேந்தா ஊசிக் காதுக்குள்ள போயிரும்" என்று அவள் சிரிப்பாள்.

செல்லப்பா வந்துபோன அன்று சாயந்திரம் ராட்டினத்துக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கலாம் என்று அவள் ஒரு இழையை எடுத்து அவர் விரலில் கொடுத்தாள்.

"சொல்லுங்க, எத்தனை?"

அவர் கண்ணை மூடவில்லை. இழை விரலில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார்.

ஜாஹிரா பீவி ராட்டினத்தை நிறுத்தினாள். கையைப் பிடித்து விளக்குக்குக் கொண்டுபோனாள். சுட்டுவிரல் நுனியில் தீய்ந்த வடு. தார்க்குச்சியின் முனையால் அந்த விரலைக் குத்தினாள். நன்றாகவே குத்தினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா?"

"மாசியிலேருந்து."

"என்கிட்டயும் சொல்லல."

"பேரு வாயில வரல."

"பேரு என்னவா இருந்தாலும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். பிறகு ராட்டினத்தைச் சுற்றினாள். இழை இரண்டு தடவை அறுந்தது.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஒரு பஞ்சுத் திரியால் அவர் கையை அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். கண்ணை மூடியிருந்த ஒலி முகம்மது கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு, எப்போது தொடப் போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் தொட்டு முடித்துவிட்டிருந்தார்.

"குஷ்டம்தான்" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தாமல். "ஒட்டுற வகை இல்ல. சம்சாரத்தோட, பிள்ளைகளோட ஒண்ணா இருக்கலாம். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, வருஷக் கணக்கா."

"தொடு உணர்ச்சி திரும்பி வருமாய்யா?"

"போனது போனதுதான். மேற்கொண்டு போகாம மாத்திரை பாத்துக்கும். இனிமே இந்தக் கை சொல்றதை நம்பாதீங்க. சூடா, கூரா, காயமா, எல்லாத்தையும் கண்ணு பாத்துச் சொல்லட்டும்."

திரும்புகையில் திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோதும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கண் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் எதை வைத்துச் சொல்ல? பீலர் கேஜ் முழுக்க முழுக்க விரல். உள்காலிப்பரும் அப்படித்தான், இரண்டு கால் நுனியும் சுவரை உரசுகிறதா இல்லையா என்று விரல் சொல்ல வேண்டும். வெர்னியர் அளவுகோலில் கோடு இருக்கிறது, கண்ணால் படிக்கலாம். ஆனால் அதன் மூக்கு பள்ளத்தின் அடிவரை போகாது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பொய் சொல்லும். சாய்ந்திருக்கிறது என்பதையும் கைதான் சொல்ல வேண்டும். மைக்ரோமீட்டர் ஒன்றுதான் கையை நம்பாதது. அதன் வாலைத் திருகினால் அளவு வந்ததும் டக் டக்கென்று வழுக்கிவிடும். எருமையைப் போல அழுத்தினாலும் அதற்குமேல் இறுகாது. ஆனால் அது வெளிப்புறத்தைத்தான் அளக்கும். பள்ளத்துக்குள் அதற்கு என்ன வேலை?

பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் மிஷின் முன்னால் ஒருவன் நின்று, பழைய அணாக் காசு ஒன்றை அதன் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான். காசு வாயிலேயே நின்றது. அவன் கட்டைவிரலால் அழுத்தினான், மிஷினை ஒரு குத்துக் குத்தினான். பக்கத்திலிருந்த பெண்பிள்ளை, "மாமா, புதுக் காசு போடணும்" என்று ஒன்றைக் கொடுத்தாள். ணங்கென்று உள்ளே விழுந்தது.

ஜாஹிரா பீவி அவரை உலுக்கினாள். "வண்டி வந்துட்டு. அங்கன என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிய?"

அந்த வாய் காசை அளக்கவில்லை. காசை வேறு எங்கேயோ அளந்துதான் அடித்தார்கள். வாய்க்குத் தெரிந்தது இரண்டே சொல், போகும் அல்லது போகாது. ரயில் தாமிரபரணியை விட்டு விலகிப் போகப் போக அவருக்கு அது தெளிந்தது. பள்ளத்தை அளக்க வேண்டாம். பள்ளத்துக்குள் போக வேண்டிய ஒன்றைச் செய்து, அதை வெளியே வைத்து மைக்ரோமீட்டரால் அளந்துவிட்டால் போதும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அதைச் செய்தார். முறிந்த லாரி ஸ்பிரிங்கில் ஒரு துண்டு. உலையில் பழுக்க வைத்து ஆறவிட்டு, அராவி, மறுபடி சூடேற்றித் தண்ணீரில் முக்கி இறுக்கி, எண்ணெய்க் கல்லில் தேய்த்தார். ஒரு முனை ஒரு நூலும் இரண்டு தவ்வும். மறு முனை ஒரு நூலும் நாலு தவ்வும். தடித்த முனையில் சிவப்புப் பெயின்ட் தடவினார். பிஸ்டனைப் படுக்கப் போட்டால் பள்ளம் மேலே வாய் திறந்து நிற்கும். பெயின்ட் இல்லாத வெள்ளை முனை தன் பாரத்திலேயே உள்ளே விழ வேண்டும்; சிவப்பு முனை மேலேயே நிற்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் அங்கே கை வந்துவிடும்.

மந்திரமூர்த்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னவே, தாயத்தா?"

"கேஜ் மொதலாளி. பள்ளத்துக்கு மேல விட்டாப் போதும். யாரு பாத்தாலும் ஒரே பதில்தான் சொல்லும்."

"யாரு பாத்தாலும் ஒரே பதில்னா ஒம்மை எதுக்கு வச்சிருக்கேன்?"

ஆவுடையப்பன் சிரித்தான். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை.

"பீலர் கேஜ் ஒண்ணு இருந்தா எந்தப் பள்ளத்தையும் பாக்கலாம். இதுக்கு ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தகடு பண்ணணும். ஒரு நூலுக்கு ஒண்ணு, ஒண்ணரை நூலுக்கு ஒண்ணு. தேஞ்சிச்சுன்னா மறுபடி பண்ணணும். பட்டறையா, தகரக் கடையா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் ஒலி முகம்மதுக்குக் கஷ்டமாக இருந்தது. கை நன்றாக இருக்கிறவனுக்கு பீலர் கேஜ்தான் சரியான சாமான். இந்தத் தகடு ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் கையைச் சொல்ல வேண்டும். தகட்டில் சாரல் காலத்துத் துரு ஏறாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுரண்டைக்காரருடைய புதுப் பிஸ்டனைப் பழைய வழக்கப்படி பீலர் கேஜைப் போட்டு, இல்லாத பிடியை இருப்பதாக வைத்துக்கொண்டு, வெட்டி முடித்தார்.

ஆனி பிறந்து சாரல் நன்றாக விழுந்ததும் ஒரு நாள் பட்டறையை அடைத்துவிட்டு எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது மந்திரமூர்த்தியின் வழக்கம். எண்ணெய்த் தேய்ப்பு அவர் செலவு. இட்லிப் பொட்டலம் அவர் வீட்டிலிருந்து வரும்.

பாதையோரம் பால்வண்ணநாதன் உட்கார்ந்திருந்தான். மந்திரமூர்த்தி மலையைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார். ஒலி முகம்மது அருகில் போய் டப்பாவில் காசைப் போட்டார்.

"உலை எரியுதா பாய்?" என்று கேட்டான் அவன்.

"எரியுது."

"சம்மட்டி யாரு அடிக்கா?"

"ஆவுடையப்பன்தான் அடிக்கான்."

"அவன் தட்டுவான். அடிக்க மாட்டான்" என்றான் பால்வண்ணநாதன்.

அருவிக்குக் கீழே பாறைகளில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக ஆட்களைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பிச்சுமணிதான் வருஷா வருஷம் பட்டறைக்காரர்களுக்குத் தேய்ப்பவன். மந்திரமூர்த்திக்குத் தேய்த்து, ஆவுடையப்பனுக்குத் தேய்த்து, ஒலி முகம்மதிடம் வந்தான்.

"எனக்கு வேண்டாம் பிச்சு. சளி பிடிச்சிருக்கு."

"மூக்குக்குள்ளயா தேய்க்கப் போறேன்? உக்காரும்" என்று அவன் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"பாய்க்கு வெக்கம். ஆம்பள கை படக் கூடாதாம்" என்றான் ஆவுடையப்பன். இதற்குமேல் மறுத்தால் அதுவே பேச்சாகிவிடும். உட்கார்ந்தார்.

பிச்சுமணி முதுகு, தோள், இடது கை என்று வந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே இடது கை விரல்களுக்கு நெட்டி எடுத்தான். நெட்டி முறியும்போது ஒலி முகம்மது முகத்தைச் சுளித்தார். வலது கைக்கு மாறினான். பெருவிரல் முறிந்தது. சுட்டுவிரல் முறிந்தது. பிச்சுமணியின் பேச்சு நின்றது. நகத்தை அந்த விரலின் சதையில் வைத்து அழுத்தினான். ஆட்களின் உடம்பு எங்கே துள்ளும் என்று தெரிந்து பிழைக்கிறவன் அவன். இந்த உடம்பு துள்ளவில்லை.

கையை விட்டான். இடுப்புத் துண்டில் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"அண்ணாச்சி, கையில மட்டுந்தானா, இல்ல வேற எங்கனயும் உண்டா?"

அருவிச் சத்தத்துக்காக அவன் உரக்கவே கேட்க வேண்டியிருந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தில் கைவிட்டிருந்த ஆவுடையப்பன் கையை வெளியே எடுத்தான்.

ஒலி முகம்மது எழுந்து நின்றார். உடம்பெல்லாம் எண்ணெய் வடிந்தது.

"குஷ்டம்தான்" என்றார், டாக்டர் சொன்ன மாதிரியே. "மாத்திரை திங்கேன். ஒட்டாத வகைன்னு சொல்லியிருக்காங்க."

மந்திரமூர்த்தி கண்ணில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தார்.

"சுரண்டை பிஸ்டன்?"

"அதும் இதாலதான் மொதலாளி."

"நாளைக்கு வராதயும்" என்றார் மந்திரமூர்த்தி. பால்வண்ணநாதனுக்குச் சொன்ன அதே பேச்சு. மரியாதை மட்டும் கூட இருந்தது.

குளிக்க அருவிப் பக்கம் போக மனமில்லாமல் ஒலி முகம்மது சட்டையை மேலே போட்டுக்கொண்டு, எண்ணெய் உடம்போடு சாரலில் தென்காசி வரைக்கும் நடந்தார். வீட்டில் ஜாஹிரா பீவி வெந்நீர் வைத்துச் சீயக்காய் தேய்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னார். அவள் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தச் சுரண்டைக்காரவுக பிஸ்டன் எப்பம் போகுது?"

"நாளைக்கு."

"அதையும் இந்தக் கையாலதானே பாத்திய?"

தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகும் அவர் குத்தவைத்தே இருந்தார்.

மறுநாள் காலையில் செல்லப்பா சாக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் புதுப் பிஸ்டனில் வளையங்களை வைத்து பீலர் கேஜை விட்டுப் பார்த்து, "சரியா இருக்கு மொதலாளி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது வாசலுக்கு வெளியே ஒலி முகம்மது வந்து நின்றார்.

மந்திரமூர்த்தி எழுந்து வந்தார். "என்னவே சொன்னேன்?"

"உள்ள வரல மொதலாளி. அந்தப் பிஸ்டனை வெட்டுனது நான். என் கையை நம்பி அனுப்பாதிய. இதைப் போட்டுப் பாத்துட்டு அனுப்புங்க."

தகட்டை வாசல் கல்லில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

மந்திரமூர்த்தி தகட்டைப் பார்த்தார். உள்ளே செல்லப்பாவைப் பார்த்தார். "ஏலே ஆவுடை, அதை எடு" என்றார்.

ஆவுடையப்பன் உலை இடுக்கியை எடுத்து வந்தான். பாம்புக் குட்டியைப் பிடிப்பதுபோல் இடுக்கியால் தகட்டைப் பிடித்து, நேரே மண்ணெண்ணெய் டப்பாவுக்குள் முக்கினான். ஒரு தடவை முக்கியது போதாமல் திரும்பவும் முக்கி அலசினான். நோய்க்குப் பயந்து செய்தது. ஆனால் தகட்டில் ஒட்டியிருந்த தேங்காய் எண்ணெய் அதில் கழுவிக்கொண்டு போயிற்று. எண்ணெயோடு போட்டிருந்தால் சரியான பள்ளத்திலும் அது ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். வெளியே நின்ற ஒலி முகம்மதுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

வளையங்களைக் கழற்றிப் பிஸ்டனைக் கட்டைமேல் படுக்க வைத்தார்கள். ஆவுடையப்பன் தகட்டைத் துணியால் பிடித்து, வெள்ளை முனையை முதல் பள்ளத்துக்குமேல் காட்டி விட்டான். ணங். அடிவரை விழுந்தது. திருப்பிச் சிவப்பு முனையை விட்டான். மேலேயே நின்றது.

இரண்டாவது பள்ளமும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

நாலாவதில் வெள்ளை விழுந்தது. சிவப்பும் விழுந்தது.

"என்னலே?" என்றார் மந்திரமூர்த்தி.

ஆவுடையப்பன் மறுபடி விட்டான். மறுபடி ணங்.

"நீ சரியா இருக்குன்ன."

"ரெண்டு தவ்வு போச்சே மொதலாளி." அவன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் தொளதொளன்னுதான் வந்துச்சு. பாய் வெட்டுனதாச்சேன்னு நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பிடி தெரியலையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

மந்திரமூர்த்தி அவனையே பார்த்தார். அவன் விரல்களுக்கு ஒன்றும் இல்லை. நல்ல விரல்கள்.

செல்லப்பாவுக்கு விஷயம் பாதிதான் விளங்கியது. "அப்ப இதும் வீணா?"

"வீணில்ல அண்ணாச்சி" என்று வெளியிலிருந்து ஒலி முகம்மது சொன்னார். "நான்தான் கூட வெட்டிட்டேன். அந்த ஒரு பள்ளத்தை இன்னும் கொஞ்சம் அகட்டி அடுத்த சைஸ் வளையம் போட்டாச் சரியாப் போகும். இப்படியே மாட்டியிருந்தா புகை கக்கியிருக்கும்."

"அவரு எதுக்கு வெளிய நிக்காரு?" என்று கேட்டார் செல்லப்பா.

ஆவுடையப்பன் மந்திரமூர்த்தியைப் பார்த்தான்.

"சாரல்ல நனைஞ்சிட்டாரு. காயட்டும்னு நிக்காரு" என்றார் மந்திரமூர்த்தி. "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு, தென்காசியில ஜோலி இருந்தாப் பாத்துட்டு வாங்க. சாயந்திர பஸ்ஸுக்குக் கொண்டு போயிரலாம்."

செல்லப்பா போன பிறகு மந்திரமூர்த்தி தகட்டைத் தானே கையில் எடுத்தார். துணி இல்லாமல் எடுத்தார். எடுத்த பிறகு அதை உணர்ந்தவர்போல ஒரு கணம் நின்று, பிறகு நாலாவது பள்ளத்தில் தானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"பிஸ்டன் திரும்பி வந்திருக்கும்."

"அப்பம் நீரு இங்கன இருந்திருக்க மாட்டீரு. ஆவுடை தலையில விடிஞ்சிருக்கும்."

"ஆமா" என்றார் ஒலி முகம்மது.

மந்திரமூர்த்தி கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். கூட்டம் ஏற்றிய பஸ் ஒன்று குற்றாலத்துக்குப் போயிற்று.

"அடுத்த சைஸுக்குத் தகடு பண்ணணும்லா?"

"பண்ணணும்."

"ஒம்ம லேத்தை அந்தக் கோடி மூலைக்கு நகத்திருதேன். தண்ணிக் குடம் தனி. டம்ளர் ஒம்ம வீட்டுலேருந்து கொண்டாரும், அங்கன ஆணியில தொங்கட்டும். பள்ளம் வெட்டுனா இனிமே தகட்டைப் போட்டுத்தான் பாக்கணும், நீரு வெட்டுனாலும் ஆவுடை வெட்டுனாலும். வெளிய எவனும் கேட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எவனும் வேலைக்கு வர மாட்டேன்னு நின்னா, அப்பம் பாப்போம்."

"சரி மொதலாளி."

"உள்ள வாரும்."

ஒலி முகம்மது வாசல் கல்லைத் தாண்டினார். தாண்டியவர் நின்றார். "பால்வண்ணநாதனுக்கும் அதே மாத்திரைதான் குடுப்பாங்க மொதலாளி. அவனுக்கு யாரும் சொல்லலை."

மந்திரமூர்த்தி பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

மத்தியானத்துக்குள் அடுத்த அளவுத் தகடு தயாரானது. மைக்ரோமீட்டரின் வால் டக் டக்கென்று வழுக்கும் வரை திருகி, இரண்டு முனையையும் கண்ணால் படித்தார். பள்ளத்தை அகட்டினார். பட்டறையில் மற்ற ஒன்றிரண்டு பேர் உலைப் பக்கமாகவே நின்றுகொண்டார்கள். ஆவுடையப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ அராவினான். காலையிலிருந்து அவன் ஒலி முகம்மதோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒலி முகம்மது பிஸ்டனைக் கட்டையில் படுக்க வைத்து வெள்ளை முனையை விட்டார்.

ணங்.

"விழுந்துட்டு" என்றான் ஆவுடையப்பன், திரும்பாமலே.

சிவப்பு முனையை விட்டார். சத்தம் இல்லை.

அராவுவது நின்றது. அவன் காத்திருந்தான். பிறகு, "நிக்கி" என்றான். "பாய்க்கு ஒலின்னு பேரு வச்ச புண்ணியவான் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்."

உலைப் பக்கம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஒலி முகம்மது நிமிர்ந்து பார்த்தபோது ஆவுடையப்பன் திரும்பி நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வேடிக்கை இல்லை.

"பாய், நடுவிரல்ல ரத்தம்."

குனிந்து பார்த்தார். அவன் சொன்னது சரிதான். பிசிறு கிழித்திருந்தது, பிஸ்டனின் ஓரத்திலும் இரண்டு சொட்டு இருந்தது. எப்போது கிழித்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் மூலையிலிருந்து ஒரு சுத்தமான துணியை எடுத்தான். கொண்டுவந்து கொடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே வீசினான். அது லேத்தின் மேல் வந்து விழுந்தது. ஒலி முகம்மது அதை எடுத்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கையால் விரலைச் சுற்றிக் கட்டினார். இறுகியதா என்று விரல் சொல்லாது. முடிச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.